நாற்பத்தொரு சென்ரிமீற்றர்

முக்காலிக் கருவிக்குள் ஒற்றைக் கண்ணை வைத்து
பொறியியலாளர் சில்மியா சொன்னா:
வடக்குக் கோல், தெற்குக் கோலைவிட
நாற்பத்தொரு சென்ரிமீற்றர் உயரம்.

இதுக்கா மிஸ் மெசின், என்றான் கிருபைதாசன்.
பெரியகல்லாற்றில் நாணயம் சுண்டத் தெரிந்த
எவனும் சொல்லியிருப்பான்.
முதல் பாதி தெற்கில் நில், மேட்டுக்கு அடி.
கால் சோரும் இரண்டாம் பாதியில்
பந்து தானே இறங்கிப் போகும்.
கழகத்தின் பதினொரு கிண்ணத்தில்
ஏழை எடுத்தது அந்தச் சரிவு.
மிச்சம் நாலும் நாங்கள்.

களுவாஞ்சிக்குடிக்காரர் எழுத்தில் முறையிட்டார்கள்.
கடிதம் கோப்பில் உண்டு.
கீழே செயலாளர் அருமைத்துரையின் பதில்:
மைதானத்தைச் சாய்த்தது நாங்களல்ல, கடல்.

கோப்பில் வேறும் உண்டு.
கண்ணாப் பற்றை வெட்டி வாவியோரம் நிரப்பியது எந்த வருடமோ,
பற்றுச்சீட்டு மட்டும்:
மண்வெட்டி ஆறு, தேத்தண்ணிக்குச் சீனி நாலு றாத்தல்.
எழுபத்தெட்டுச் சூறாவளியில்
கொட்டகைத் தகரம் பறந்துபோய்
ஓந்தாச்சிமடத்துப் பூவரசில் தொங்கியிருக்கிறது.
மீட்டுவர வண்டிக்கூலி பன்னிரண்டு ரூபா.
பிறகு ஏழு வருடத்துக்குத் தாளே இல்லை.
அந்த நாட்களில் ஐந்து மணிக்கு முன் விசில் ஊதிவிடுவார்கள்.
இரண்டாம் பாதி இருபது நிமிடம்.
யாரும் வாதாடியதில்லை.

பிறகு அந்த மார்கழி.

தையிலும் மாசியிலும் உழவு இயந்திரங்கள்
கடற்கரை வீதியின் வீடுகளை அள்ளிவந்து
வடக்கில் கொட்டின.
வேறெங்கே கொட்ட?
ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் வாவி,
நடுவில் இருந்த ஒரே வெறுநிலம்
எங்கள் பெனால்டிக் கட்டம்.
ரோலர் உருண்டது. புல் வந்தது.
ஆவணியில் முதல் ஆட்டம்,
அணியில் பாதி புதுப் பெயர்கள்.

நான் கோல் காப்பாளன்.
பதினாறு வருடம் அங்கே விழுந்து எழும்பியவன்.
இடது முழங்கையில் ஆறு தையல்,
நீலத்தில் வெள்ளைப் பூப்போட்ட தரையோடு ஒன்றின் விளிம்பு.
யாருடைய குளியலறை என்று
அன்று யோசிக்கவில்லை.
கோர்னர் பந்து வந்துகொண்டிருந்தது.

இப்போது பெக்கோ கிளறுகிறது.
எண்ணூறு இருக்கை, நாலு விளக்குக் கோபுரம்,
மட்டமான புல் என்கிறது வீதியோரப் பலகை.
மூன்றாம் நாள் வாளியில் வந்தவை:
பூட்டோடு ஒரு கதவு,
நசுங்கிய பிட்டுக்குழல்,
2417இல் நின்றுபோன மின்மானி.

பெக்கோக்காரன் தம்மிக்க நிறுத்திவிட்டு இறங்கி
தூரப்போய் நின்றான்.
மதியத்துக்குள் கடற்கரை வீதி வந்துவிட்டது.
எவரும் அழவில்லை.
புடவைக் கடையில் போலப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்கள்.
'இது எங்கட ஓடில்லகா, எங்கட பச்சை' என்றாள் மரியமலர்.
லூர்துநாயகி பிட்டுக்குழலை எடுத்து ஊதினாள்,
மண் பறந்தது,
இடுப்பில் செருகிக்கொண்டு போனாள்.
மின்மானியை யாரும் தொடவில்லை.
பில் கட்டச் சொல்லுவானுகள், என்றது ஒரு குரல்.
அப்போதுதான் சிரித்தோம்.

அகற்றும் மண்ணுக்குப் பாதீட்டில் ஒரு வரி இருந்தது,
இதற்கு இல்லை.
சில்மியா மைதானத்தை இரண்டு தரம் சுற்றி நடந்தா.
பிறகு அறிக்கையில் எழுதினா:
பார்வையாளர் அரங்கின் அடித்தளத்துக்கு
வெளியிலிருந்து நிரப்பு மண் தேவையில்லை.
அவ்வளவுதான் எழுதினா.

மட்டமாயிற்று.
எண்ணூறு நீலக் கதிரை,
அடியில் முப்பத்திரண்டு வீடு.

முதல் ஆட்டம் களுவாஞ்சிக்குடியோடு.
நாணயம் எங்களுக்கு விழுந்தது.
எந்தப் பக்கம் அண்ணே, என்று
கோட்டுக்கு வெளியே நின்ற என்னைக் கேட்டான் புவிதரன்.
பழக்கத்தில், தெற்கு என்றேன்.

மூன்றுக்கு ஒன்று, தோல்வி.
இரண்டாம் பாதி முழுக்கப் பந்து
விட்ட இடத்திலேயே நின்றது.